இரண்டு முழ லட்டு

தாராவியில் எங்கள் சந்தில் லட்டு பிடிக்கும் அந்த அம்மாள் ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பார். எதை எடை போடுவதற்கு முன்பும் அதன் சுற்றளவை நூலால் அளந்துகொள்வார். விநாயகர் சதுர்த்தியன்று காலையில் பந்தல் செயலாளர் மாவும் சர்க்கரையுமாக வந்தார்.

"போன வருசம் ஒரு முழச் சுத்து, ஒண்ணரைக் கிலோ. இந்த வருசம் ரெண்டு முழம் யக்கா. மூணு கிலோவுக்குச் சாமான் இருக்கு. சந்து பூரா சொல்லியாச்சு."

"பத்தாது அண்ணாச்சி. பன்னெண்டு கிலோ ஆவும்."

"என்னக்கா, கிண்டலா?"

அந்த அம்மாள் ஒரு சின்ன லட்டையும், நூலில் அதற்கு இருமடங்கு சுற்றுள்ள இன்னொன்றையும் பிடித்தார். பெரியதைத் தராசில் வைத்து, மறுதட்டில் சின்ன லட்டுகளை அடுக்கினார். எட்டாவதில்தான் தட்டு சமமானது.

"நீளம், அகலம், உயரம் மூணும்லா இரட்டிக்கு!"

"அப்போ மூணு கிலோவுக்கு?"

"ஒரு முழமும் ஆறு விரக்கடையும்."

"மானம் போச்சு."

"ஏன் போவுது? போன வருசத்துக்கு ரெண்டு மடங்குன்னு மைக்ல சொல்லுங்க. எடையில அது நெசம்தான்."

மாலையில் செயலாளர் அப்படியே அறிவித்தார். சந்தே கைதட்டியது. விழுந்து விழுந்து சிரித்தபடி நின்ற அந்த அம்மாளைவிடப் பலமாகத் தட்டியவர் யாருமில்லை. ஒரு பொய்யும் இல்லாத அறிவிப்புக்கு அவர் ஏன் அப்படிச் சிரித்தார் என்று இன்னும் யோசிக்கிறேன்.