புது மாத்திரை இல்லாத பக்கம்

என் மனைவிக்குக் கண் மஞ்சளாகி உடம்பெல்லாம் அரித்தபோது காமாலை என்றுதான் நினைத்தோம். கீழாநெல்லி அரைத்துக் குடித்துப் பார்த்தாள். உடம்பு இளைத்துக்கொண்டே போனது. புதுச்சேரியில் ஸ்கேன் எடுத்தபோது கணையத்தில் புற்றுநோய்க் கட்டி என்றார்கள். அது ரத்தக்குழாயை ஒட்டி இருந்ததால் உடனே ஆபரேஷன் செய்ய முடியாதாம். முதலில் கீமோ கொடுத்துச் சுருங்குகிறதா பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. பித்தம் இறங்குவதற்கு உள்ளே சின்னக் குழாய் ஒன்றை வைத்ததும் அரிப்பு நின்றது.

அடுத்த முறை போனபோது அவர் ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். சேருகிற எல்லோருக்கும் வழக்கமான கீமோ உண்டு. பாதிப் பேருக்கு அதோடு ஒரு புது மாத்திரையும் கிடைக்கும். யாருக்கு என்பதைக் குலுக்கல் மாதிரி கம்ப்யூட்டர்தான் பிரிக்கும். விவரமெல்லாம் தமிழில் அச்சடித்துக் கொடுத்து, யோசித்துவிட்டு வரச் சொன்னார்.

செஞ்சி பஸ்ஸில் உட்கார்ந்ததும் தொண்டூரில் இருக்கும் அவளுடைய அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"இன்னா மாப்ள, என் தங்கச்சிய வச்சு சோதிச்சுப் பாக்குறாங்களா? கையெழுத்து கிய்யெழுத்து போட்டுறாதீங்க" என்றார்.

எனக்கும் அதே பயம்தான். கூட்டுரோட்டில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் நான். மருந்து விஷயத்தில் என்ன தெரியும்? அவள் அங்கன்வாடி டீச்சர். சமையலறையில் நின்றபடியே அந்தத் தாள்களை முழுக்கப் படித்தாள். மறுமுறை போனபோது அவளே கேட்டாள்.

"மத்தவங்களுக்கு வெறும் மாவு மாத்திரை குடுப்பீங்களா மேடம்?"

"இதுல அப்படி இல்லம்மா. புது மாத்திரை இருக்கா, இல்லையான்னு உங்களுக்கே தெரியும்."

"நடுவுல வேணாம்னு தோணுச்சுன்னா?"

"எப்ப வேணாலும் விட்டுறலாம். வைத்தியம் நிக்காது."

"புது மாத்திரை போட்டா நல்லாயிடுமா?"

"தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா எல்லாருக்கும் குடுத்திருப்போமே."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்துவிட்டது. "இவங்க பொய் சொல்லலைங்க" என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

கம்ப்யூட்டர் அவளைப் புது மாத்திரை இல்லாத பக்கம் போட்டது. என் முகம் தொங்கிப்போனது.

"பயந்ததும் நீங்கதான், இப்ப கெடைக்கலன்னு வருத்தப்படறதும் நீங்கதான்" என்று சிரித்தாள்.

ஆனாலும் ஆராய்ச்சி நர்ஸ் விடாமல் போன் பண்ணி விசாரித்தார். ஒருநாள் லேசான ஜுரம் என்று இவள் சொன்னதும், "உடனே கெளம்பி வாங்க" என்றார். கீமோவால் ரத்தத்தில் வெள்ளை அணு மிகவும் குறைந்திருந்தது. சில நாள் படுக்க வைத்துச் சரிசெய்து அனுப்பினார்கள்.

அதன்பிறகு எடுத்த ஸ்கேனில் கட்டி சுருங்கி ரத்தக்குழாயை விட்டு விலகியிருந்தது. ஆபரேஷன் பண்ணலாம் என்றார்கள். அண்ணனுக்குப் போன் போட்டேன். அவள் வாங்கி, "அண்ணா, அறுத்து எடுத்துடலாமாம்" என்றாள், ஏதோ கல்யாணச் சேதி சொல்வதுபோல. அவர், "சாப்டியா?" என்று மட்டும் கேட்டார்.

ஆபரேஷன் முடிந்து தேறிவிட்டாள். சாப்பாட்டோடு செரிமானத்துக்கு ஒரு கேப்சூல் போட்டாக வேண்டும். நோய் திரும்பலாம், பரிசோதனையை விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். புது மாத்திரை நல்லதா என்று அவர்களுக்கும் இன்னும் தெரியவில்லை. கடைசி ஸ்கேனில் எதுவும் இல்லை.

போன வாரம் வேலைக்குத் திரும்பினாள். சாயந்திரம் வந்து காலை நீட்டி உட்கார்ந்து, "பசிக்குதுங்க" என்றாள். எழுந்துபோய் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன்.