கைக்கு வேண்டி கண்ணைக் காணிக்கை வைத்தேன்

எங்கள் ஏரிக்கரையம்மனை நம்பி வந்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் இதைச் சொல்கிறேன். நாம் பொய் சொல்லிக் கேட்டாலும் மெய்யைத் தருகிறவள் அவள். எனக்குத் தந்தாள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஆவடிப் பக்கம் பட்டாளம் வந்து இறங்கியிருந்தது. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஜனம் அல்லாடியது. நாங்கள் அயனம்பாக்கத்தில் இருந்தோம். கொஞ்சம் நிலம், நாலு எருமை. நிலம் என் வீட்டுக்காரர் பாடு, எருமை என் பாடு. கறந்த பாலை அம்பத்தூர் வரைக்கும் வீடு வீடாக ஊற்றிவிட்டு வருவேன்.

அந்த வருஷம் சித்திரையில் என் வலது கைக்கு என்னமோ ஆயிற்று. கட்டைவிரலுக்கு அடியில், மணிக்கட்டை ஒட்டி ஒரு வலி. முதலில் கறக்கும்போது மட்டும் வந்தது. பிறகு புடவை பிழியும்போதும் வந்தது. பிறகு கதவுத் தாழ்ப்பாளைத் தள்ளினால்கூட உயிர் போயிற்று. சுளுக்கு என்று நினைத்து நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்தேன். விளக்கெண்ணெய் தடவி உருவினேன். கேட்கவில்லை. அந்த இடம் புடைத்துக்கொண்டது. விரலுக்குக் கீழே இருந்த சதை வற்றினாற்போல் ஆயிற்று. ஒருநாள் பால் செம்பு கையை விட்டு நழுவி விழுந்தது. பால் போனதற்கு நான் அழவில்லை. செம்பு நழுவியதற்கு அழுதேன்.

ஏனென்றால் மாணிக்கத்துக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

மாணிக்கம் என் வீட்டுக்காரருக்குப் பங்காளி முறை. நல்ல உழைப்பாளி. மண்வெட்டி பிடிக்க முடியவில்லை, நழுவுகிறது என்றார். அப்புறம் விரல்கள் மடங்கின. பெருவியாதி, குஷ்டம் என்று ஊர் முடிவு கட்டியது. ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு குடிசை போட்டு அவரை அங்கே விட்டுவிட்டார்கள். பெற்ற பிள்ளைகளே சோற்றைக் கரைமேல் வைத்துவிட்டு ஓடிவந்துவிடும். அந்தப் பக்கம் போக நேர்ந்தால் நானும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் போவேன்.

இப்போது அந்தக் குடிசை பக்கத்தில் எனக்கும் ஒரு குடிசை போடுவார்கள். எனக்கு அது கண்ணுக்கு நேரே தெரிந்தது. என் பிள்ளைகள் சோற்றை வைத்துவிட்டு ஓடுவதும் தெரிந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அரண்டவளுக்கு அதைவிட அதிகம்.

கையை முந்தானைக்குள் மறைத்தேன். இடது கையால் கறந்தேன். பழகாத கை, எருமை உதைத்தது.

"இன்னாமே, நம்ம எருமை இன்னாத்துக்கு இப்படி உதைக்குது?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"ஈ கடிக்குது" என்றேன்.

தினமும் அம்மன் வாசலில் நின்று ஒரே வேண்டுதல்தான். "தாயே, இந்த வலிய எடுத்துடு. என்ன ஏரிக்கு அந்தாண்ட அனுப்பிடாத." வலி போகவில்லை. கூடிக்கொண்டே போயிற்று. நான் கறந்து ஊற்றும் பாலைக் குடிக்கிற குழந்தைகளுக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்தேன். அம்மனுக்குக் காது இல்லையா என்றுகூட ஒருநாள் ஏசிவிட்டேன்.

ஆடி வந்தது. எங்கள் கோயிலில் எந்த உறுப்புக்கு நோவோ அந்த உறுப்பின் உருவத் தகடு வாங்கி அம்மன் காலடியில் வைப்பது வழக்கம். கண்ணுக்குக் கண், காலுக்குக் கால். வாசலில் பொன்னம்மா தகடு விற்றாள். ஊரில் யாருக்குப் பல் ஆடினாலும் அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும்.

"வாமே. உனுக்கு இன்னா வோணும்? கையா, காலா?" என்றாள்.

கை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். சுற்றிலும் ஜனம். கூழ் ஊற்றி முடிப்பதற்குள் ஊரெல்லாம் என் கையைப் பார்க்கும். நாக்கு புரண்டுவிட்டது.

"கண்ணு" என்றேன்.

கையில் நோவை வைத்துக்கொண்டு கண்ணைக் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்தேன். முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. கோயிலுக்குள்ளேயே பொய் சொல்லிவிட்டேனே! கையும் போகும், இனி கண்ணும் போகும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

பொன்னம்மா சும்மா இருப்பாளா? நான் வருவதற்குள் செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது.

"கண்ணு தெரியலன்னு எங்கிட்ட சொல்லக்கூடாதா?" என்று என் வீட்டுக்காரர் குதித்தார். "ஏரிக்கரை மேல பாலத் தூக்கினு போறியே, உள்ள உயுந்து வெச்சா இன்னா பண்றது? கெளம்பு, பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு."

ஒன்றுமில்லை என்றால் தகடு ஏன் வைத்தாய் என்பார். மறுநாளே அம்பத்தூரில் ரயில் ஏற்றிவிட்டார். வழியெல்லாம் ஜன்னலைக் காட்டி, "தோ, கொரட்டூரு வந்துடுச்சி. ஏரி தெரியுதா?" என்று குழந்தையிடம் கேட்பதுபோல் கேட்டார். தெரிகிறது, தெரிகிறது என்றேன். அவ்வளவு பிரியமான மனுஷன் என்னை விட்டுவிடுவாரா என்று நினைத்தபோது எனக்கு நிஜமாகவே கண் தெரியவில்லை. அழுகை மறைத்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. தமிழ்க்காரிதான். தூர நின்று விரல்களைக் காட்டினார், எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டேன். இமையை விலக்கிப் பார்த்தார்.

"கண்ணு நல்லாத்தானே இருக்கு? எரிச்சலா இருந்தா இதைப் போடு" என்று ஒரு சின்ன மருந்துப் புட்டியைக் கொடுத்தார்.

நான் இடது கையை நீட்டினேன். புட்டியை வாங்க இடது கையா என்று என் வீட்டுக்காரர் முறைத்தார். பயத்தில் வலது கையால் வாங்கினேன். பிடி நிற்கவில்லை. புட்டி விழுந்து உடைந்தது.

"கையைக் காட்டு" என்றார் டாக்டரம்மா.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். "என்ன அனுப்பிடாதீங்கம்மா. அது பெருவியாதிம்மா. புள்ளைங்க கீதும்மா" என்று கதறினேன். என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மா பின்வாங்கவில்லை. என் கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். முதுகிலும் கையிலும் தேமல் உண்டா, தடிப்பு உண்டா என்று பார்த்தார். பிறகு கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தொட்டார். தெரிகிறது என்றேன். குண்டூசியால் குத்தினார். வலிக்கிறது என்றேன். கடைசியில் கட்டைவிரலைப் பிடித்து அடிமூட்டில் அழுத்தித் திருகினார். உள்ளே மணல் நறநறவென்று அரைபட்டது போல் இருந்தது. "ஐயோ, அம்மா!" என்று ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினேன்.

அவர் சிரித்தார். "நல்லாக் கத்து. அந்த வியாதி வந்த இடத்துல உணர்ச்சி போயிடும். குத்தினாக்கூடத் தெரியாது. உனக்கு இவ்வளவு வலிக்குது. இது மூட்டு தேய்ஞ்ச வாதம், வேற ஒண்ணுமில்ல."

அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டேன். எந்த வலியை எடுத்துவிடு என்று மாதக்கணக்காக அழுதேனோ, அந்த வலிதான் என் சாட்சி! நான் கேட்டபடி அம்மன் அதை எடுத்திருந்தால்? என்னை ஏசவிட்டுவிட்டு, அவள் பாட்டுக்கு அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள்.

எப்படி வேலை செய்கிறாய் என்று டாக்டரம்மா கேட்டார். கட்டைவிரலை மடக்கி அதன் கணுவால் காம்பை அழுத்திக் கறப்பதுபோல் செய்து காட்டினேன். எங்கள் பக்கம் அப்படித்தான் கறப்போம். அதுதான் மூட்டைத் தின்கிறது, இனி விரலை மடக்காமல் முழுக் கையால் பிடித்துக் கற என்றார். மூங்கில் பத்தை வைத்து விரல் அசையாமல் துணியால் கட்டிவிட்டார். சுடுதண்ணீரில் கையை வைக்கச் சொன்னார். கொஞ்ச நாள் என் வீட்டுக்காரர்தான் கறந்தார். எருமை அவரையும் உதைத்தது.

வீக்கம் வற்றி, செம்பு என் கையில் நின்ற அன்றைக்கு நேராகப் பொன்னம்மாவிடம் போனேன்.

"கை குடு" என்றேன், நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி.

"ஆருக்குமே கை?"

"எனக்குத்தான்."

அதை அம்மன் காலடியில் வைத்தேன். இந்த முறை முகத்தைப் பார்த்தேன்.

அங்கிருந்து வீட்டுக்குப் போகவில்லை. ஒரு செம்பு பாலோடு ஏரிக்கு அந்தப் பக்கம் போனேன். ஆஸ்பத்திரியில் மாணிக்கத்தைப் பற்றிச் சொன்னபோது, சும்மா பக்கத்தில் நின்றால் பெருவியாதி ஒட்டிக்கொள்ளாது, அதற்கும் வைத்தியம் உண்டு, அவரை அழைத்து வா என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மாணிக்கம் என்னைக் கண்டதும் எழுந்து, "அங்கேயே வெச்சிட்டுப் போம்மா" என்று விலகினார். நான் வைக்கவில்லை. கையில் கொடுத்தேன். அன்றிலிருந்து அவருக்குப் பால் என் கையால்தான். என் வீட்டுக்காரர் அவரை ரயிலேற்றிக் கொண்டுபோய் வைத்தியமும் பார்த்தார்.

உங்களில் எத்தனை பேர் முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்களோ, எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். பயந்தால் பயத்தோடே வாருங்கள், வெளியே எடுத்துக் காட்டுங்கள். கேட்டது கிடைக்கவில்லை என்று என்னைப் போல் அவளை ஏசாதீர்கள்.

மழைக்காலத்தில் இன்னும் கை வலிக்கிறது. எடுத்துவிடு என்று இப்போதெல்லாம் நான் கேட்பதில்லை. வலிக்கிறது தாயே என்று சொல்லிக் கும்பிடுகிறேன்.