மில் பெட்டியில் கிடைத்த காயிதம்

பூட்டை உடைத்து மூடியைத் தூக்கியதும் முதலில் வந்தது, சிக்குப் பிடித்த தேங்காய் எண்ணெயும் பஞ்சுத் தூசியும் கலந்த வாடைதான். ஒரு பெட்டி என்றால் பரவாயில்லை, சுவரோரம் வரிசையாக நின்ற தகரப் பெட்டிகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்தால் மூக்கு என்னத்துக்கு ஆகும்! கோயமுத்தூரில் அப்பா வேலை பார்த்த நூற்பாலை மூடி இரண்டு வருடமாகியிருந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்குப் பன்னிரண்டு வயது. கட்டடத்தை இடிக்கப் போவதால், உடை மாற்றும் அறையிலிருக்கும் "பொட்டி"யை அவரவர் காலி செய்துகொள்ள வேண்டுமென்று கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஆயுத பூசையன்று மட்டுமே குடும்பங்களை உள்ளே விடுகிற மில்லுக்குள், அன்றைக்கு யார் போனாலும் வாட்ச்மேன் கேட்கவில்லை. அப்பாவோடு அம்மாவும் நானும் போயிருந்தோம்.

மனிதர்கள் பெட்டிக்குள் எதையெல்லாம் வைத்திருப்பார்கள் என்று அன்றுதான் பார்த்தேன். ஒருவர் பெட்டியில் ஒற்றைக்கால் செருப்புகளாகவே ஆறு ஏழு இருந்தன. அப்பாவின் கூட்டாளி காதர் மாமா பெட்டியில் மூடி திறக்காத அத்தர் பாட்டில்கள். இன்னொருவர் பெட்டியிலிருந்து நீளமான சவுரி முடி வந்து விழ, "ஏனுங்க, இது ஆருதுங்க?" என்று கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். செத்துப்போன தன் சம்சாரத்துடையது என்று அவர் சொன்ன பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இனி எங்கள் கதை. மில் மூடியதிலிருந்து அம்மாவுக்குத் தன் அண்ணன் மேல் தீராத கோபம். மாமா பல்லடத்தில் ஒரு தறி குடோனில் மேஸ்திரி. நாலு பேருக்கு வேலை வாங்கித் தரக்கூடிய ஆள். அப்படிப்பட்டவர், தங்கை குடும்பம் ஒருவேளைச் சோற்றுக்குத் திண்டாடும்போது எட்டிக்கூடப் பார்க்கவில்லையே என்று அம்மா பேசாத நாளில்லை. "கூடப் பொறந்தவனாமா! எனக்கு அண்ணனே இல்லீன்னு நெனச்சுக்கறேன்" என்பாள். அப்பா அப்போதெல்லாம் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவருக்குப் பாவம், மச்சானை விட்டுக்கொடுத்துப் பேச மனமில்லை என்று நான் நினைத்தேன்.

அப்பா தன் பெட்டியிலிருந்து காக்கி டவுசர், சோப்பு டப்பா, முருகன் படம் என்று ஒவ்வொன்றாகப் பையில் போட்டார். அடியில் விரித்திருந்த பழைய செய்தித்தாளை உதறலாமென்று அம்மா உருவினாள். அதற்கடியில் இன்லண்டு லெட்டர் ஒன்று கிடந்தது. மில் முகவரிக்கு, மாமாவின் கோணல் கையெழுத்தில் வந்தது. மில் மூடுவதற்கு ஒரு மாதம் முன்பு எழுதியது. தோளுக்குப் பின்னால் நின்று நானும் படித்தேன்: "மாப்பிள்ளைக்கு வணக்கம். உங்க மில் நிலவரம் கேள்விப்பட்டேன். இங்கே குடோனில் உங்களுக்கு இடம் பேசி வைத்திருக்கிறேன். குடியிருக்க வீடும் பார்த்தாயிற்று. பதில் போட்டால் வண்டியோடு வந்து கூட்டிக்கொள்கிறேன்."

அம்மா இரண்டு தரம் படித்தாள். "பதில் போட்டீங்களா?"

அப்பா பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு சொன்னார்: "மில்லு தொறந்துருமுன்னு நெனச்சேன் அம்மணி. மச்சானுக்குக் கீழ கைகட்டி நிக்கோணுமான்னும் இருந்துச்சு."

அம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பையைத் தூக்கி நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் அது அடுப்புக்குள் போயிற்று. நாளைக்கே பல்லடத்துக்குப் பஸ் ஏறுவாள் என்று நினைத்த நான், மாமா வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன்.

"அவன் மூஞ்சியப் பாத்தா எல்லாத்தையும் சொல்லிப்போடுவேன் கண்ணு. சொல்லிப்போட்டா, உங்கப்பன் அந்த ஊட்டுல தலை நிமிந்து ஒரு வாய் காப்பி குடிக்க முடியுமா?"

அடுத்த வருடம் நான் பெரிய மனுஷியானபோது, தாய்மாமன் செய்ய வேண்டிய சீரை அப்பாவின் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் செய்தார். யாரோ ஒருவர் தலையில் தட்டைச் சுமந்துகொண்டு வர, அம்மா அடுக்களையைவிட்டு வெளியே வரவில்லை. மாமாவுக்குச் சொல்லி அனுப்பவுமில்லை. அவரும் வீம்புக்கு வரவில்லை. என் கல்யாணத்திலும் அப்படித்தான். அப்பா அதன் பிறகு எந்த வேலையிலும் நிலைக்கவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் உண்டு, இன்றைக்கும் உண்டு.

இப்போது மில் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. கேட் எங்கே இருந்தது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. போன தை மாதம் மாமா இறந்துபோனார். அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு பல்லடம் போனேன். இருபது வருடத்துக்கும் மேலாகிவிட்டது அவள் அந்த வாசலை மிதித்து. அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஒரு வரி பதில் போட்டிருக்கலாமே அம்மணி. சாகற வரைக்கும் அதையேதான் சொல்லீட்டிருந்தாரு."

அம்மா அண்ணன் முகத்தைப் பார்த்தபடி, "காயிதம் ஏதும் எங்களுக்கு வரலீங்களே" என்றாள்.

அப்பா இறந்து அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது.