கன்ட்ரோல் எஸ் அடித்தால் கத்திய ஆடு

விமலா அக்கா போய்விட்டார்.

நேற்றுக் காலை வேலைக்குப் புறப்படும்போது வாசலிலேயே மயங்கி விழுந்தாராம். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள்... முப்பத்தெட்டு வயசு.

ஹட்டன் டவுனில் மாடிப்படி ஏறிப் போகும் எங்கள் கம்யூனிகேஷன் கடைக்கு போட்டோகொப்பி எடுக்க வந்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பார். சுவர்ப் பக்கம் உட்கார்ந்து வாய் மூடாமல் பேசிக்கொண்டிருப்பவன் நான்.

அவரிடம் நான் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. நாலு மாசமாகக் கேட்கவில்லை. வாயாடி என்று பெயரெடுத்தவனுக்கு அதற்கு மட்டும் வாய் வரவில்லை. அதனால் இங்கே ஃபேஸ்புக்கில் எழுதுகிறேன்.

ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா கிடக்காதே என்று அம்மா துரத்தியதால்தான் அந்தக் கடையில் சேர்ந்தேன். அக்காவுக்கும் எனக்கும் ஒரே வேலை. தேயிலைத் தோட்டங்களில் வயசானவர்கள் பேசியதை ஆராய்ச்சிக்காரர்கள் ரெக்கோர்ட் பண்ணிக் கொண்டுவந்து தருவார்கள். கேட்டுக் கேட்டு டைப் பண்ண வேண்டும்.

டைப் பண்ணுவது ஒரு விண்டோ, ஓடியோ இன்னொரு விண்டோ. வசனத்துக்கு வசனம் மவுஸைப் பிடித்து அங்கே ஓடி நிறுத்தி, இங்கே ஓடி வந்து...

"டேய் தம்பி, கொழுந்து எடுத்த காலத்துலகூட என் கை இவ்வளவு அலையலடா" என்றார் அக்கா ஒருநாள்.

அதற்காகத்தான் அந்தச் சின்ன சொஃப்ட்வேரை எழுதினேன். எந்த விண்டோவில் இருந்தாலும் F9 அடித்தால் ஓடியோ நிற்கும். F10 அடித்தால் ஐந்து செக்கன் பின்னால் போகும். குளோபல் ஹொட்கீ என்பார்கள். அக்காவுடையது விண்டோஸ், என்னுடையது லினக்ஸ். வெளியே ஒரே புரோகிராம், உள்ளே கீயைப் பிடிக்க ஆளுக்கொரு வழி.

நன்றாக ஓடியது. அக்கா சாப்பிட ரோல்ஸ் வாங்கித் தந்தார். அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

நான் நிறுத்துகிற ஆளா? எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த ஆட்டின் சத்தத்தை போனில் பிடித்து, கன்ட்ரோல் எஸ் அடித்தால் அது கத்துகிற மாதிரி இரண்டு மெஷினிலும் போட்டேன். அக்கா பாராவுக்குப் பாரா சேவ் பண்ணுகிறவர். பாராவுக்கு ஒரு "மே..."

"எனக்கு மட்டுந்தான் கத்துதா, ஒனக்கும் கத்துதாடா?"

"நம்ம ஆடு பேதம் பாக்காதுங்க அக்கா. விண்டோஸ்லயும் மேயும், லினக்ஸ்லயும் மேயும்."

சும்மா விடுவாரா... மறுநாள் என் மெஷினில் ஸ்பேஸ் பாரைத் தட்டினால், தோட்டத்தில் காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கக் கூப்பிடுகிற மாதிரி அவர் குரல்: "பெரட்டுக்கு நேரமாச்சு, எந்திரிடா!" ஒவ்வொரு வார்த்தைக்கும். முதலாளி எட்டிப் பார்த்தார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கிச் சிரித்தார்.

"ஒன் செட்டிங்ஸ் ஃபைல்ல ஒரே ஒரு வரிதான்டா மாத்தினேன்."

அந்த வாரமே ஒரு நீளமான ரெக்கோர்டிங். நாலு மணிக்கு ஆள் வந்து எடுத்துப் போக வேண்டும். அக்கா காலையிலிருந்து டைப் பண்ணினார், ஆடும் காலையிலிருந்து கத்தியது. மூன்று மணிக்கு மழையோடு கரண்ட் போனது.

கரண்ட் வந்ததும் திறந்தால்... காலையில் டெஸ்க்டொப்பில் பெயர் போட்டு உண்டாக்கிய ஃபைல் இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. அந்தப் பழைய மெஷினில் ஆட்டோசேவ்கூட கிடையாது.

"இத்தன வருஷமா இருக்கீங்க. சேவ் பண்ணத் தெரியாதா?" என்றார் முதலாளி.

"பண்ணினேங்க முதலாளி. ஒவ்வொரு பாராவுக்கும் பண்ணினேன்."

"பண்ணியிருந்தா அது எங்க?"

அக்கா தன் விரல்களைப் பார்த்தார்.

வந்தவர்கள் மிச்ச ரெக்கோர்டிங்குகளையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த நாளிலிருந்து அக்காவுக்கு போட்டோகொப்பி மெஷினும், கடைக்கு வருகிறவர்களின் சின்னச் சின்ன டைப்பிங்கும்தான்.

அன்று சாயந்தரமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. லினக்ஸில் நான் எழுதிய வழி கீயை ஒட்டுக்கேட்டுவிட்டுப் போகவிடும். விண்டோஸில் எழுதிய வழி கீயை விழுங்கிவிடும். அக்கா அடித்த ஒரு கன்ட்ரோல் எஸ்கூட அந்த ஃபைலுக்குப் போய்ச் சேரவில்லை. எல்லாவற்றையும் என் ஆடு தின்றுவிட்டது. முந்தின நாட்களில் மூடும்போது "சேவ் பண்ணவா?" என்று மெஷினே கேட்டதால் தப்பித்திருக்கிறோம். நான் என் மெஷினில் மட்டும்தான் போட்டுப் பார்த்திருந்தேன்.

ஆட்டை அழித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் யாருக்கோ ஒரு கடிதம் டைப் பண்ணிக்கொண்டே அக்கா கேட்டார், "ஆடு எங்கடா?"

"வித்துட்டேங்க அக்கா."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு எழுந்து கொப்பி எடுக்கப் போனார். அவருக்குத் தெரிந்திருந்ததா... தெரியவில்லை.

அதற்குப் பிறகு நாலு வரி ஃபோர்ம் என்றாலும் மவுஸைப் பிடித்து, மேலே போய், சேவ் என்று எழுதியிருப்பதைத் தேடி அமுக்குவார். மூடுவார். திறந்து இருக்கிறதா என்று பார்ப்பார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜோக் எல்லாம் சொன்னேன்.

இன்று காலை கடையை நான்தான் திறந்தேன். முதலாளி செத்த வீட்டுக்குப் போய்விட்டார். என் கீபோர்ட் சத்தம் மட்டும். அந்த அறை இவ்வளவு பெரிது என்று தெரியாது. நல்ல ஜோக் ஒன்று வந்தது... ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.

முதலாளி, நீங்களும் இதை வாசிப்பீர்கள். அன்றைக்கு அக்கா சேவ் பண்ணினார். ஒவ்வொரு பாராவுக்கும். கெடுத்தது நான். அக்காவுக்குக் கவனம் இல்லை என்று யார் யாரிடம் சொன்னீர்களோ, அவர்களிடம் இதையும் சொல்லிவிடுங்கள்.

மூன்று மணிக்கு எடுக்கிறார்களாம். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு எழுதுகிறேன். அவர் அம்மாவிடமும் இதை நேரில் சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

உங்க கை சரியாத்தான் அடிச்சிச்சுங்க அக்கா... போய் வாங்க.