அம்மா உட்கார ஒரு தொட்டி

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. சித்திரையில் அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து போவதை அன்றோடு நிறுத்த வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

2. அம்மா அரசாங்கத்தில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். சின்னாளப்பட்டியைச் சுற்றிப் பதினோரு ஊர்கள் அவள் பொறுப்பு. பஸ் போவது மூன்று ஊருக்குத்தான். மற்ற எட்டுக்கும் பத்து வருஷமாக அப்பாதான் அவளை ஏற்றிக்கொண்டு போனார்.

3. ஆடி முடிவதற்குள் பதினோரு ஊருக்கும் ஒரு சுற்று போய்வந்து காட்ட வேண்டும், முடியாவிட்டால் ராமநாதபுரம் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வார்டு வேலைக்கு மாற்றல் என்று மேலதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது.

4. வேறு வண்டி வாங்கிவிடலாம் என்றார் அப்பா.

5. மறுநாள், இருக்கிற வண்டிக்கே பக்கவாட்டில் சைடு கார், அதாவது ஆள் உட்காரும் ஒற்றைச் சக்கரத் தொட்டி, மாட்டிவிடலாம் என்றார்.

6. அடுத்த வாரம், வேறு வண்டி என்றார்.

7. ஐந்தும் ஆறும் மாறி மாறி ஏழு வாரம் நடந்தன.

அப்பாவின் வண்டி யுத்தம் முடிந்து பட்டாளத்தார் கழித்துக் கட்டியபோது ஏலத்தில் எடுத்தது. அப்பாவும் ஏறக்குறைய அதே சமயத்தில் பட்டாளத்திலிருந்து வந்தவர். அங்கே மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டு போவது அவர் வேலை. வண்டியின் பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் கிடையாது. சக்கரம் கல்லில் ஏறினால் அந்த அடி நேராகப் பின்சீட்டுக்கு வரும். அம்மா மடியில் மருந்துப் பையை வைத்துக்கொண்டு, ஒரு கையால் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பத்து வருஷம் அந்த அடியை வாங்கியிருக்கிறாள். இடுப்பு இத்தனை நாள் தாங்கியதே பெரிது.

நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்துவிட்டு, திண்டுக்கல்லில் ரோடு போடும் அலுவலகத்தில் படம் வரைகிறேன். எதையும் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதினால் முடிவு தானாகத் தெரியும் என்பது என் நம்பிக்கை. ஒரு தாளில் கோடு போட்டு, இடப்பக்கம் பழைய வண்டி, வலப்பக்கம் வேறு வண்டி என்று எழுதினேன். புது ஸ்கூட்டர் என்றால் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதன் சின்னச் சக்கரம் மண்பாதையில் புதையும். மலையடிவாரத்தில் காப்பித் தோட்ட மேனேஜர் ஒருவர் தம் மோட்டார் சைக்கிளை விற்பதாக இருந்தார். அதற்குப் பின்சக்கரத்தில் ஸ்பிரிங் உண்டு, அகலமான சீட்டும் உண்டு. அப்பா போய் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"எப்படிப்பா இருக்கு?"

"வண்டி நல்ல வண்டிதான். சத்தம்தான் பத்தல. பூனை தும்முற மாதிரி இருக்கு."

"அம்மாவுக்கு இடுப்புத்தானே வலிக்குது? காது நல்லாத்தான் இருக்கு."

"ஒனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு என் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது தாளில் டீ கிளாஸ் வைத்த வட்டம் இருந்தது. இன்னொரு கோடு போட்டு மூன்றாவது பத்தி பிரித்து, யாரோ பென்சிலால் "மாட்டு வண்டி" என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே "பெட்ரோல் செலவு இல்லை" என்று ஒரு குறிப்பும் இருந்தது.

கொஞ்ச நாளில் அப்பாவின் போக்கு எனக்குப் பிடிபட்டது. வியாழக்கிழமை அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குப் போய் வந்தால் வேறு வண்டி. அங்கே வரும் வியாபாரிகளில் சிலர் புதிதாக மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை பேகம்பூரில் பூட்டுப் பட்டறை வைத்திருக்கும் பாயைப் பார்த்துவிட்டு வந்தால் பழைய வண்டி. பாய் அவருடைய சிநேகிதர். பழைய வண்டியின் உடைந்த சாமான்களையெல்லாம் ராவி ஒட்டி ஓட வைத்துக்கொண்டிருந்தவர் அவர்தான். ஆகவே ஆனி நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, அப்பா வாய் திறப்பதற்குள் நானே பட்டறைக்கு அவரை அழைத்துக்கொண்டு போய், நான் வரைந்த சைடு கார் படத்தைப் பாய் முன்னால் விரித்தேன். அடுத்த வியாழக்கிழமைக்குள் இரும்பை அறுத்துவிட்டால் பிறகு பேச்சு மாறாது என்பது என் கணக்கு.

பாய் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "படம் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு பாப்பா. ஆனா இந்த ரெண்டு எடத்துல போல்ட்டு வேணாம். நான் பூட்டு வச்சுத் தாரேன்."

"சைடு காருக்கு எதுக்கு பாய் பூட்டு?"

"எவனாச்சும் கழட்டிட்டுப் போயிட்டான்னா?"

"இத யாரு பாய் கழட்டிட்டுப் போவா? வச்சுக்கிட்டு என்ன செய்வான்?"

"அது அவன் கவலைம்மா. பூட்டு வைக்கிறது நம்ம கவலை."

அரை மணி நேரம் பேசினேன். அசைவில் தேயும், தூசி போகும், சாவி தொலையும் என்று மூன்று காரணம் சொன்னேன். அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு, "பூட்டுன்னா நல்லதுதானத்தா" என்றார். வண்டிச் சட்டத்தோடு தொட்டியைப் பிணைக்கும் இடத்தில் உள்ளங்கை அகலத்தில் இரண்டு பூட்டுகள் வந்தன. மற்றபடி பாய் செய்த வேலையில் ஒரு நூல் பிசகு கிடையாது. தொட்டிக்குக் கீழே வில்பட்டை, உள்ளே தேங்காய் நார் மெத்தை, சாய்ந்துகொள்ள முதுகுப் பலகை. எல்லாம் படத்தில் இருந்தபடி.

ஆடி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பட்டறையிலிருந்தே வெள்ளோட்டம். தொட்டியில் அம்மா, பின்சீட்டில் நோட்டுப் புத்தகத்தோடு நான். மதுரை ரோட்டில் ஒரு குறையும் இல்லை. "எப்படிம்மா இருக்கு?" என்று நான் கத்தினேன். "பேசாம வா, தூக்கம் வருது" என்றாள் அம்மா. நான் அதைக் குறித்துக்கொண்டேன்.

தார் ரோட்டை விட்டுச் சம்பங்கித் தோட்டங்களுக்கு நடுவே மண்பாதையில் இறங்கினோம். கால் மைல்கூடப் போகவில்லை. அந்தப் பாதையில் மாட்டு வண்டிகள் போய்ப் போய் இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத்துக்குத் தடம் விழுந்திருக்கும். நடுவில் மண் மேடு. மோட்டார் சைக்கிள் தனியாகப் போனபோது அப்பா ஒரு தடத்துக்குள் இறங்கி அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விடுவார். இப்போது வலப்பக்கத் தடத்தில் வண்டியை இறக்கினால், தொட்டியின் சக்கரம் இடப்பக்கத் தடத்துக்கு எட்டாமல் நடு மேட்டில் ஏறியது. அம்மா எங்கள் மேல் சரிந்தாள். தொட்டியை இடப்பக்கத் தடத்தில் இறக்கினால் வண்டி மேட்டில் ஏறியது. நாங்கள் அம்மா மேல் சரிந்தோம். மூன்றாவது முறை பை திறந்து, பஞ்சு உருண்டு, தடத்துக்குள் வெள்ளையாக நீண்டு கிடந்தது.

அம்மா இறங்கி, பஞ்சைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

"இந்தச் சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவுல எம்புட்டு வச்ச?"

"மூணு அடி எட்டு அங்குலம்."

"அது எங்கேர்ந்து வந்துச்சு?"

"புஸ்தகத்துலருந்து."

"வண்டித்தடம் எம்புட்டு இருக்கும்?"

நான் குனிந்து தடத்தைப் பார்த்தேன்.

"ரோட்டாபீஸ்ல வேலை பாக்குற" என்றாள் அம்மா. அதோடு பையை மூடிவிட்டாள். இன்னும் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

படத்துக்கு நான் அளவு எடுத்த புத்தகம் சீமையில் அச்சானது. அவர்கள் ஊரில் தடம் விழுந்த பாதை கிடையாது போலிருக்கிறது. வில்பட்டையின் தடிமன், பூட்டின் எடை, மெத்தையின் உயரம் என்று இருபத்திரண்டு விஷயம் எழுதி வைத்திருந்தேன். வண்டி எதன்மேல் ஓடும் என்பதை எழுதவில்லை. பத்து வருஷமாக அந்தப் பாதையில் போய்வந்தவள் வீட்டிலேயே இருந்தாள். அவளிடம் நான் கேட்டது, மெத்தை உறைக்கு என்ன நிறம் வேண்டும் என்பது மட்டும்தான்.

அப்பாவுக்கு இது போதுமாக இருந்தது. "அதுக்குத்தான் அன்னைக்கே சொன்னேன், வேற வண்டி வாங்கலாம்னு."

"அன்னைக்கு சைடு கார்னு சொன்னீங்கப்பா."

"அது வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை என்ன சொன்னேன்?"

மறுநாள் அலுவலகத்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, சந்தைப்பேட்டையில் காய்கறி இறக்கிவிட்டு நின்ற மாட்டு வண்டிகளிடம் போனேன். சக்கரத்துக்குச் சக்கரம் பிடித்து எழுதிக்கொண்டே வந்தேன். நாலாவது வண்டிக்காரர் எழுந்து உட்கார்ந்தார். "ஏந்தாயி, வண்டிக்குச் சட்டை தைக்கப் போறியா?"

"இல்லண்ணே, அகலம் பாக்குறேன்."

"அதுக்கு எதுக்கு எல்லா வண்டியையும் அளக்குற? ஒண்ணுக்கு ஒண்ணு மாறுச்சுன்னா தடத்துல ஓடுமா? அச்சுல்ல முறிஞ்சு போகும்." பிறகு பக்கத்து வண்டிக்காரரிடம், "பிள்ளை படிச்சுருக்குது போல" என்றார்.

ஒன்பது வண்டிகள் அளந்தேன். ஓர் அங்குலத்துக்குள்தான் வித்தியாசம். நாலு அடி ஒன்பது அங்குலம் என்று படத்தைத் திருத்தி வரைந்து பாயிடம் கொடுத்தேன். அவர் ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

சட்டத்தை நீட்டிப் புதிதாக ஒட்ட ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. ஆடி முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வண்டி வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. வாசலோடு நின்றுவிட்டது. எங்கள் கேட் நாலு அடிதான்.

அதையும் நான் அளக்கவில்லை.

அப்பா இறங்கி, கேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பாய் கொடுத்த சாவியை எடுத்து இரண்டு பூட்டையும் திறந்து, மிச்சமிருந்த ஒரு போல்ட்டையும் கழற்றி, தொட்டியைத் தனியாக இழுக்க ஆரம்பித்தார். அந்தச் சமயத்தில்தான் தெருவில் ஓர் ஆள் வந்து நின்றார். அய்யலூர்ச் சந்தையில் அப்பாவுக்குப் பழக்கமான ஆட்டு வியாபாரி. அன்று காலையில் அப்பா அவரிடம், பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு மேனேஜர் வண்டியை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை.

வியாபாரி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். டயரை அமுக்கிப் பார்த்தார். தொட்டிக்குள் குனிந்து மெத்தையைத் தட்டினார். "இதுல நாலு கெடா நிக்கும்ணே. தொட்டியோட குடுத்துருங்க. இந்த மெத்தையத் தூக்கிட்டு வைக்கோலப் போட்டுக்கிறேன்."

அப்பா தலையைச் சொறிந்தார். "தொட்டி இப்பத்தான்..." என்று இழுத்தார். அதற்கு மேல் என்ன சொல்லப் போகிறார் என்று அவருக்கே தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. ஏழு வாரமும் இதே முகம்தான்.

அம்மா கேட்டுக்குள்ளிருந்து வந்தாள். வியாபாரியிடம் மரியாதையாகத்தான் பேசினாள். "அண்ணே, இது ஆட்டுக்குச் செஞ்சதில்ல. எனக்குச் செஞ்சது. வந்தது வந்துட்டீக, செத்த நேரம் உக்காந்து காப்பி சாப்பிட்டுப் போங்க."

"இல்ல, நர்சம்மா, அண்ணன்தான் வேற வண்டி..."

"வேற வண்டி வாரப்ப வரட்டும்ணே. எனக்குப் பன்னெண்டு நாளுதான் இருக்கு."

பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். "காலையில ஆறு மணிக்கு நான் இதுல ஏறி உக்காந்துருப்பேன். ஓட்ட வாரதுன்னா வாங்க. இல்லாட்டி உங்க மக ஓட்டட்டும்."

"அவளுக்கு ஓட்டத் தெரியாதே."

"அளக்கவும்தான் தெரியாம இருந்துச்சு. கத்துக்கிட்டாள்ல."

வியாபாரி சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. ஆனால் காலையில் ஐந்தரை மணிக்கே தொட்டியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போய் மாட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்குக் கேட்கும்படி பூட்டுகளைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அன்று நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். சம்பங்கித் தோட்டத்துப் பாதையில் வண்டி ஒரு தடத்திலும் தொட்டியின் சக்கரம் மறு தடத்திலும் இறங்கின. யாரும் யார்மேலும் சரியவில்லை. சின்னாளப்பட்டி நெசவாளர் தெருவில்தான் நிற்க வேண்டியிருந்தது. தெரு நீளத்துக்குப் பாவு நூலை விரித்து வைத்திருந்தார்கள். முன்னே என்றால் வண்டி ஓரமாக நுழைந்து போய்விடும். இப்போது பாவைச் சுருட்டும் வரைக்கும் காத்திருந்தோம். அப்பா வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா தொட்டியில் உட்கார்ந்தபடியே அந்தத் தெருவிலிருந்த இரண்டு கர்ப்பிணிகளைக் கூப்பிட்டுக் கை கால் வீக்கம் பார்த்து முடித்துவிட்டாள்.

பதினோரு ஊருக்கும் ஒன்பது நாளில் போய்வந்தாள். கையெழுத்து வாங்கிய நோட்டை மேலதிகாரிக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். மாற்றல் பேச்சை அவர்கள் கைவிடவில்லை. தை மாதம் வரைக்கும் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

இப்போது ஐப்பசி. நிலவரம் இது. அம்மா அதே பதினோரு ஊர்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். இடுப்பு வலி போகவில்லை, அதிகமாகவும் இல்லை. தொட்டியின் பாரத்தில் வண்டியின் கிளச்சுத் தட்டு ஒருமுறை தேய்ந்து, மாற்றியாயிற்று. வாய்க்கால் கரை ஏறும்போது கூட யார் இருந்தாலும் இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறது. கேட் தூணை இடிக்க வீட்டுச் சொந்தக்காரர் சம்மதிக்கவில்லை. நான் இரண்டாவது கியர் வரைக்கும் ஓட்டுவேன். மேனேஜர் வண்டி இன்னும் விலைபோகவில்லை என்று அப்பா நேற்றுக்கூடச் சொன்னார். பழைய வண்டியை வைத்துக்கொள்வதா, வேறு வாங்குவதா என்று எங்கள் வீட்டில் இன்னும் முடிவு செய்யவில்லை.