இயக்குநர் கைகுலுக்கும் புதன்கிழமை

அண்ணனுக்குச் சர்க்கரை நோய். வலது காலில் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். புண் ஆறினால் பாதம் தப்பும். கிருமி தொற்றினால் முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டி வரும் என்று அறுவை மருத்துவர் சொல்லியிருந்தார். அண்ணன் ஈப்போ நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி. நின்று செய்கிற வேலை.

பகலில் மருத்துவமனை வார்டில் நான் துணைக்கு இருந்தேன். நாளிதழ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை? வருகிறவர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் கிருமிநாசினிப் போத்தல் ஒன்று கம்பி வளையத்தில் தொங்கியது. தாதியர் பெரும்பாலும் கையில் பூசிக்கொண்டார்கள். மருத்துவர்களில் சிலர் மறந்தார்கள். தொற்றுத் தடுப்புத் தாதி வார்டுக்குள் நுழைந்தால் எல்லோருக்கும் நினைவு வரும். அவர் போனதும் பழையபடி ஆகிவிடும். இதில் எனக்கு வியப்பில்லை.

வியப்பு புதன்கிழமை காலையில் வந்தது. வார்டு சிஸ்டர் தள்ளுவண்டியோடு வந்து எல்லாப் போத்தல்களையும் கழற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

"ஏன் சிஸ்டர் எடுக்கிறீங்க?"

"டைரக்டர் ரவுண்ட்ஸ் வராருலா அண்ணே. பாதி போத்தல் காலி, மூடியெல்லாம் காஞ்சி ஒட்டிக்கிட்டு கெடக்கு. போன தடவ பார்த்துட்டு, என்னா இது கடை மாதிரின்னு ஒரு வார்த்த சொல்லிட்டாரு. அப்புறம் யாரு திட்டு வாங்குறது?"

"அவரு கைக்குப் பூசணும்னா?"

"அவரா?" என்று சிரித்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

மருத்துவமனை இயக்குநரைக் கெட்டவர் என்று என்னால் எழுத முடியாது. இன்று செம்பனைக் காடாகிவிட்ட ஒரு ரப்பர் தோட்டத்தில், பால் வெட்டுகிறவருக்குப் பிறந்து, டத்தோ விருது வரை உயர்ந்தவர். ஒவ்வொரு நோயாளியிடமும் நின்று, இரண்டு கைகளாலும் கையைப் பற்றிக் குலுக்கி, எந்தத் தோட்டம் என்று விசாரிப்பார். துரை தொழிலாளிக்குக் கை கொடுக்காத காலத்தைப் பார்த்தவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. அன்று பக்கத்துக் கட்டில்காரரின் கையைக் குலுக்கிவிட்டு அதே கையோடு அண்ணனிடம் வந்தார். பக்கத்துக் கட்டில்காரரின் புண்ணுக்குப் போட்ட துணிக்கட்டிலிருந்து சீழ் கசிந்துகொண்டிருந்தது. பின்னால் வந்த மருத்துவர் கூட்டத்தில் ஒருவரும் கையைச் சுத்தம் செய்யவில்லை. போத்தல்தான் இல்லையே.

அவர்களில் ஓர் இளம் மருத்துவரிடம் பிறகு கேட்டேன். தன் சட்டைப்பையில் சின்னப் போத்தல் இருப்பதை எடுத்தே காட்டினார்.

"அவரு பூசாதப்போ நான் பூசுனா, அவரக் குத்திக் காட்டுற மாதிரி இருக்கும் அங்கிள்."

ஒருவரும் கையைச் சுத்தம் செய்யாததை அண்ணனிடம் சொன்னேன். அவர் அப்போது கைகுலுக்கிய மகிழ்ச்சியில் இருந்தார். "டத்தோவே கை குடுத்துட்டுப் போறாரு. ஒனக்குப் பொறுக்கலையா? பேப்பர்காரன் புத்தி போவாதுடா ஒனக்கு."

சில நாள்களில் பக்கத்துக் கட்டில்காரரைத் தனி அறைக்கு மாற்றினார்கள். அவரைப் பார்க்கப் போகிறவர்கள் மேலங்கியும் கையுறையும் போட்டுக்கொண்டார்கள். சாதாரண மருந்துக்கு அடங்காத கிருமி என்று தாதி மிஸ்ஸி ஒருவர் சொன்னார். அன்று முழுவதும் அண்ணன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார்.

அடுத்த புதன். போத்தல்கள் அலமாரிக்குள் போயின. இயக்குநர் வந்தார், சிரித்தார், கையை நீட்டினார். அண்ணன் தன் கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"டத்தோ, மன்னிச்சுக்குங்க. கைக்கு மருந்து பூசிட்டு குடுங்க. கால் போயிரும்னு பயமா இருக்கு."

இயக்குநர் முகம் சிவந்து, பிறகு சிரித்தார். "சரியாத்தான் சொல்றீங்க ஐயா." கால்மாட்டில் கைவைத்துத் தேடினார். வெறும் வளையம். "போத்தல் எங்க?" சிஸ்டர் அலமாரிக்கு ஓடினார். அவர் திறந்து எடுத்துவரும் வரை கூட்டம் முழுவதும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. இயக்குநர் பூசினார். உடனே பின்னால் நின்ற அத்தனை பேரும் போத்தலை வாங்கி வாங்கிப் பூசினார்கள். இளம் மருத்துவரும்தான்.

அடுத்த கட்டிலில் அவர் கையை மட்டும் குலுக்கிவிட்டு நகர்ந்தார். பின்னால் ஒருவரும் பூசவில்லை. போத்தல் அண்ணனின் கால்மாட்டிலேயே இருந்தது.

சிஸ்டர் எங்கள் மேல் கோபமாக இருந்தார். "எங்கள மாட்டி வுட்டுட்டீங்களே அண்ணே" என்றார். போத்தலைத் தேடிய இயக்குநர் அது ஏன் அங்கே இல்லை என்று அவரிடம் கேட்கவே இல்லையாம். கேட்டிருந்தால் 'உங்களுக்குப் பயந்துதான்' என்பதே பதிலாக இருந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை.

அதே வாரம் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. புண்ணிலிருந்து எடுத்த மாதிரியில் கிருமி இருந்தது. அது எந்தக் கையிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. தெரியாததைத் தெரிந்ததாக எழுதக்கூடாது என்பது நான் பழகிய தொழில். அதனால் எழுதவில்லை. எனக்கு ஆத்திரம் ஆறவும் இல்லை.

முழங்காலுக்குக் கீழே எடுக்க அண்ணனை அறுவைக்கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனபோது, மின்தூக்கி வாசலில் இயக்குநர் எதிர்ப்பட்டார். அண்ணனை அடையாளம் கண்டுகொண்டு, ஏதோ ஞாபகம் வந்தவராகத் தன் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

அண்ணன்தான் படுத்தபடியே கையை நீட்டினார். "குடுங்க டத்தோ. இப்ப என்னா பயம்?"

இயக்குநர் சுற்றிலும் பார்த்தார். அங்கே சுவரிலும் போத்தல் இல்லை.