தாஸிம் செய்த பெட்டி

கணினித் திரையில் எழுத்துத் தட்டப் புதிதாக ஒரு பெட்டி வைத்தால், தாஸிம் முதலில் தன் மனைவியின் புகார்களைத்தான் அதில் தட்டிப் பார்ப்பார். கூரை ஒழுகுகிறது, காஸ் முடிந்தது, மச்சினன் கலியாணத்துக்கு ஒரு எட்டுப் போய் வரவில்லை. தீராத சரக்கு. எந்தப் பெட்டியும் பாதியிலேயே நிறைந்து, மிச்சம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். "எடமில்லாட்டி எழுத்து செத்தா போகும்? உள்ளுக்குத்தான் ஈக்கும்" என்று கொட்டாவிக்கு நடுவே சொல்வார்.

இலங்கை மலையகத்தில், பதுளை பஸாரில் ஒரு துணிக்கடையின் மேல்மாடி அவருடைய அலுவலகம். கேட்டவர்களுக்கெல்லாம் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறார். ஆள் இன்னும் நாற்பதைத் தாண்டவில்லை, கண்ணுக்குக் கீழே மட்டும் அறுபதாகிவிட்டது. தொலைபேசி மணி அடித்தால் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுப்பார். எந்த வேலையும் முடிந்தபாடில்லை.

இரண்டாயிரத்து ஆறில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்துக்கும் செய்து கொடுத்தார். வாசல் மேசையில் ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண் விஜயலெட்சுமி, நோயாளி சொல்வதைத் தட்டுவாள். உள்ளே டொக்டர் ஸ்ரீஸ்கந்தராஜாவின் திரையில் அது தெரியும். காய்ச்சல், தலைவலி என்று எழுத ஒற்றை வரிப் பெட்டி போதாதா என்று தாஸிம் நினைத்திருந்தார்.

தோட்டத்துச் சனங்கள் நோயை முதலில் சொல்கிறவர்களா என்ன? எந்த டிவிசன், எந்த பஸ்ஸில் வந்தது, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகாமல் வந்ததற்குக் கங்காணி என்ன சொன்னார், எல்லாம் ஆகி, எழுந்து போகிறபோது திரும்பி நின்றுதான் முக்கியமானதைச் சொல்வார்கள். லுணுகலையிலிருந்து இருமலோடு வந்த பெரியாயியும் அப்படித்தான். பென்சிலின் ஊசி ஒத்துக்கொள்ளாது என்பதைக் கடைசியில் சொன்னாள். விஜயலெட்சுமி ஒன்று விடாமல் தட்டினாள். டொக்டரின் திரையிலோ பஸ் வரைக்கும்தான் தெரிந்தது. வெளியே வரிசை நீண்டிருந்தது, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று அவரும் கேட்கவில்லை. அதே ஊசியைப் போட்ட கையோடு பெரியாயிக்கு முகம் வீங்கி மூச்சு இழுத்தது. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிப் பிழைக்க வைத்தார்கள்.

பழி விஜயலெட்சுமியின் தலையில் விழுந்தது. எழுதாமல் விட்டுவிட்டாள், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று நிலையத்தின் முதலாளி புஹாரி சொல்லிவிட்டார். அவள் எழுதினேன் எழுதினேன் என்று சொல்லி வாய் ஓய்ந்ததுதான் மிச்சம். தாஸிமைக் கூப்பிட்டார்கள். அவர் அன்றைய பதிவைத் திறந்து, வரியின் கடைசிக்குப் போகும் விசையை அழுத்தினார். மறைந்திருந்த சொற்கள் நகர்ந்து வந்து நின்றன.

"புள்ள எழுதித்தான் ஈக்கிது. என்ட பெட்டிதான் மறச்சி ஈக்கிது."

அதுவரை அழாத விஜயலெட்சுமி அப்போது அழுதாள். அவளுடைய வேலை தப்பியது.

அதன்பிறகு தாஸிம் பட்ட பாடு கொஞ்சமல்ல. எழுத்தைச் சிறிதாக்கினார், டொக்டரின் கண்ணாடிக்கு எட்டவில்லை. பெட்டியைப் பெரிதாக்கினார், சேமிக்கும் பொத்தான் திரைக்குக் கீழே போய்விட்டது. உருட்டிப் பார்க்க ஓரத்தில் பட்டை வைத்தார், டொக்டர் அதைத் தொடவேயில்லை. இடம் முடிந்ததும் தட்டுவதையே நிறுத்திவிடலாமே என்று புஹாரி யோசனை சொன்னார். நிறுத்தினால் அந்தக் கடைசிப் பேச்சு ஏறவே ஏறாது. முடிவில் தாஸிம் பெட்டியைத் தலைகீழாக்கினார். இடம் போதாவிட்டால் முதல் வரிகள் மறையும், கடைசி வரி சிவப்பில் நிற்கும்.

அதைப் பொருத்திய அன்று பெரியாயியும் உடம்பைக் காட்ட வந்து டொக்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். டொக்டரிடம் நேரே ஏன் சொல்லவில்லை என்று தாஸிம் கேட்டார்.

"அந்தப் புள்ளகிட்ட சொன்னேங்க. பொட்டியில போட்டுட்டாங்க, ஐயாவுக்குத் தெரியுமேன்னு சும்மா இருந்துட்டேன்."

இனிமேல் இப்படி நடக்காதுதானே என்று புஹாரி பின்னாலிருந்து கேட்டார். டொக்டரின் மேசைக்கு நடுவில் அந்தப் பழைய பருத்த மொனிட்டர் எதிரே இருப்பவரை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தாஸிம் அதைக் கட்டிப் பிடித்து, வயர்கள் இழுபட, பெரியாயியின் முகம் டொக்டருக்கு முழுதாகத் தெரியும்வரை மேசையின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போனார்.